கால் விரல் இல்லாத கர்னல்! பனிமலையில் நடந்த நிலத் திருட்டைப் பிடித்த "புல்" குமாரின் கதை

ஒரு வரைபடம். அதில் ஒரு கோடு. அந்தக் கோடு ஒரு பனிமலையையே விழுங்கி விட்டிருந்தது!

திருட்டைக் கண்டுபிடித்தவர் போலீஸ்காரர் இல்லை. மலை ஏறுவதையே தொழிலாகவும் பொழுதுபோக்காகவும் வைத்திருந்த ஒரு ராணுவ கர்னல். கால் விரல்களில் நான்கை அதற்கு முன்பே பனிக்குப் பறிகொடுத்தவர்.

பெயர் நரேந்திர குமார். ராணுவத்தில் "புல்" குமார் என்று கேட்டால்தான் தெரியும்.

2020-ம் ஆண்டு டிசம்பர் 31-ந் தேதி, டெல்லி ராணுவ ஆஸ்பத்திரியில் அவர் காலமானார். வயது 87. ஒரு பக்கம் கொரோனா பயம். மறுபக்கம் புத்தாண்டு வாழ்த்து. இந்த அமளியில் அவர் போனதே நம்ம ஊரில் பல பேருக்குத் தெரியாது.

ஆனால் அவர் நடந்து காட்டிய பனிமலையை நம்ம ஊருக்கு நன்றாகவே தெரியும். அதன் பெயர் சியாச்சின். 2016-ம் ஆண்டு அந்த மலையிலிருந்து தமிழ்நாட்டு வீடுகளுக்கு 4 சவப்பெட்டிகள் வந்தன. அந்தக் கதை பின்னால் வருகிறது.

ஜெர்மன்காரர் கொண்டு வந்த துப்பு

1977-ம் ஆண்டு வாக்கில் நடந்தது இது.

காஷ்மீரில் குல்மார்க் என்ற இடத்தில் ராணுவத்துக்கு ஒரு பள்ளிக்கூடம் உண்டு. உயரமான மலையில், பனியில் எப்படிச் சண்டை போடுவது என்று சிப்பாய்களுக்குச் சொல்லிக் கொடுக்கிற பள்ளி. அதன் தலைவராக இருந்தார் கர்னல் குமார்.

அவரைத் தேடி வந்தார் ஒரு ஜெர்மன்காரர். மலை ஆற்றில் ரப்பர் படகு விடுகிறவர். "இந்தப் பக்கம் போகலாமா?" என்று யோசனை கேட்க, கையில் இருந்த வரைபடத்தை விரித்தார்.

குமார் பார்த்தார். கண் ஒரு இடத்தில் நின்று விட்டது.

காஷ்மீரில் நமக்கும் பாகிஸ்தானுக்கும் நடுவே உள்ள எல்லைக்கோடு, எங்கே முடிய வேண்டுமோ அங்கே முடியவில்லை. அங்கிருந்து கிழக்கே திரும்பி, காரகோரம் கணவாய் வரைக்கும் ஓடியிருந்தது. நடுவில் இருந்த சியாச்சின் பனியாறு முழுசும் பாகிஸ்தான் பக்கம் போய்விட்டது!

வரைபடம் அச்சானது அமெரிக்காவில். வந்தவர் ஜெர்மன்காரர். நிலம் நம்முடையது.

வேறு ஆளாக இருந்தால் "ஏதோ அச்சுப்பிழை" என்று மடித்து வைத்திருப்பார். குமார் அப்படிச் செய்யவில்லை. வரைபடத்தோடு டெல்லிக்குப் போனார். ராணுவ நடவடிக்கைகளின் டைரக்டராக இருந்த லெப்டினன்ட் ஜெனரல் சிப்பரின் முன்னால் விரித்துக் காட்டினார். நேரில் போய்ப் பார்க்க அனுமதி கேட்டார்.

அனுமதி கிடைத்தது. வெளியே சொல்லிக்கொள்ள "மலை ஏறும் பயிற்சி" என்று ஒரு பெயர்.

முட்டுகிற காளை!

யார் இந்தக் குமார்?

1933-ம் ஆண்டு டிசம்பர் 8-ந் தேதி ராவல்பிண்டியில் பிறந்தவர். இப்போது அந்த ஊர் பாகிஸ்தானில் இருக்கிறது. பாகிஸ்தான் ராணுவத்தின் தலைமையகமே அங்கேதான்! தேசப் பிரிவினையின்போது குடும்பம் இந்தியாவுக்கு வந்து விட்டது. ஒரு கோடு போட்டால் ஒரு ஊரே எப்படிக் கைமாறிப் போகும் என்பது சின்ன வயதிலேயே பார்த்துத் தெரிந்த மனுஷன்.

1950-ம் ஆண்டு டேராடூனில் ராணுவப் பயிற்சியில் சேர்ந்தார். அங்கே குத்துச்சண்டை போட்டி. எதிரே நின்றவர் மூத்த மாணவர். உருவத்திலும் பெரியவர். பெயர் சுனித் பிரான்சிஸ் ரோட்ரிக்ஸ். பின்னாளில் 1990-ம் ஆண்டு முதல் 1993 வரை இந்தியத் தரைப்படைக்கே தளபதியாக இருந்தாரே, அதே ரோட்ரிக்ஸ்தான்.

குமார் தோற்றுப் போனார். ஆனால் தோற்கிற வரைக்கும் தலையைக் குனிந்து கொண்டு முட்டிக்கொண்டே போனாராம். அன்றைக்கு ஒட்டியது "புல்" என்ற பட்டப் பெயர். நம்ம ஊர்ப் புல் இல்லை, இங்கிலீஷ் புல். காளை என்று அர்த்தம்.

சாகும் வரை அந்தப் பெயர் போகவில்லை.

1954-ம் ஆண்டு குமாவோன் ரெஜிமெண்டில் அதிகாரியானார். டார்ஜிலிங்கில் உள்ள மலையேற்றப் பள்ளியில் பயிற்சிக்குப் போனார். எவரெஸ்டில் முதலில் கால் வைத்த டென்சிங் அங்கே பயிற்சி கொடுத்துக் கொண்டிருந்த காலம் அது.

அங்கே பிடித்தது மலைப் பைத்தியம். லீவு கிடைத்தால் வீட்டுக்குப் போகிறவர்கள் உண்டு. குமார் மலைக்குப் போனார்.

எட்டாத 700 அடி

1960-ம் ஆண்டு எவரெஸ்டுக்கு முதல் இந்தியக் குழு புறப்பட்டது. பிரிகேடியர் கியான் சிங் தலைவர். குமாரும் அதில் ஒருவர்.

உச்சிக்குக் கடைசிக் கட்டமாகப் போனவர்கள் 3 பேர். குமார், சோனம் கியாட்சோ, நவாங் கோம்பு. 28,300 அடி வரை ஏறி விட்டார்கள். உச்சிக்கு இன்னும் சுமார் 700 அடிதான் பாக்கி.

சென்னை மவுண்ட் ரோடு எல்.ஐ.சி. கட்டிடம் 177 அடி உயரம். அதைப்போல நாலு கட்டிடத்தை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் என்ன உயரமோ, அவ்வளவுதான் மிச்சம்!

அப்போது கிளம்பியது சூறைக்காற்று. முகத்தில் பனி ஊசி ஊசியாகக் குத்தியது. மேலே போனால் உச்சியைத் தொடலாம். ஆனால் இறங்க முடியாது. 3 பேரும் திரும்பி விட்டார்கள்.

முட்டுகிற காளை என்று பெயர் எடுத்தவர்தான். ஆனால் எங்கே நிற்க வேண்டும் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. மலையில் வயதாகும் வரை உயிரோடு இருந்தவர்கள் எல்லாம் இப்படித் திரும்பத் தெரிந்தவர்கள்தான்.

விரல் போனது

அடுத்த ஆண்டு, 1961. பத்ரிநாத் கோவிலுக்குப் பின்னால் நிற்கிறதே நீலகண்ட மலை, அதற்கு ஒரு குழுவை அழைத்துப் போனார் குமார்.

அந்தப் பயணத்தில்தான் கால் விரல்கள் போயின.

பனிக்கடி என்பது என்ன? குளிர் எல்லை மீறினால் உடம்பு தன் ரத்தத்தை இருதயத்துக்கும் மூளைக்கும் சேர்த்து வைத்துக்கொள்ளப் பார்க்கும். கை விரலுக்கும் கால் விரலுக்கும் ரத்தம் குறையும். முதலில் வலிக்கும். அப்புறம் வலி நின்று விடும். "அப்பாடா, வலி போச்சு" என்று நினைத்தால் ஏமாந்தோம். உணர்ச்சி செத்து விட்டது என்று அர்த்தம். விரல் வெளுக்கும். பிறகு கறுக்கும். கறுத்த விரல் பிழைக்காது. வெட்டத்தான் வேண்டும்.

குமாருக்கு 4 கால் விரல்களை எடுத்தார்கள். அப்போது அவருக்கு 28 வயதுகூட நிரம்பவில்லை.

பனிச்சரிவில் ஏறுகிறவனுக்கு கால் விரல்தான் பிடிமானம். நுனிக்காலை ஊன்றித்தான் அடுத்த அடி. அது போன பிறகு ஆபீஸில் உட்கார்ந்து கோப்பு பார்க்கலாம், யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

மனுஷன் மறுபடி மலைக்குக் கிளம்பினார்!

1964-ம் ஆண்டு நந்தாதேவிக்கு ஒரு குழுவுக்குத் தலைவராகப் போனார். 25,000 அடிக்கு மேல் உயரம். அந்த உச்சியில் இந்தியர்கள் கால் வைத்தது அதுதான் முதல் தடவை.

1965-ம் ஆண்டு மறுபடியும் எவரெஸ்ட். கடற்படை அதிகாரி கோலி தலைவர். குமார் துணைத்தலைவர். 9 பேர் உச்சிக்குப் போய் வந்தார்கள். ஒரே குழுவில் 9 பேர் என்ற அந்தச் சாதனையை 17 ஆண்டுகளுக்கு யாரும் முறியடிக்கவில்லை.

அந்த 9 பேரில் குமார் இல்லை. 5 ஆண்டுக்கு முன்னால் 700 அடி பாக்கி வைத்துவிட்டு வந்தவர், இந்தத் தடவை கீழே இருந்து மற்றவர்களை மேலே அனுப்பி வைத்தார். யாருக்கு எந்த முகாமில் எத்தனை பிராணவாயு உருளை, யார் முதலில், யார் அடுத்து என்பதெல்லாம் கீழே இருப்பவர்களின் தலைவலி. போட்டோவில் நிற்பவர்கள் உச்சிக்குப் போனவர்கள்தான். அந்த ஆண்டே அவருக்கு பத்மஸ்ரீ கிடைத்தது.

1977-ம் ஆண்டு கஞ்சன்ஜங்கா. உலகத்தின் மூன்றாவது பெரிய மலை. 1929-லும் 1931-லும் ஜெர்மன்காரர்கள் அதன் வடகிழக்குப் பக்கமாக முயன்று தோற்றுத் திரும்பியிருந்தார்கள். குமாரின் ராணுவக் குழு அதே வழியாகப் போனது. மே 31-ந் தேதி மேஜர் பிரேம் சந்த், நாயக் நிமா டோர்ஜி இருவரும் மேலே போய்ச் சேர்ந்தார்கள். இந்தத் தடவையும் தலைவர் கீழேதான்.

புறம்போக்கும் பட்டாவும்

சரி, வரைபடத்துக்கு வருவோம். அந்தத் திருட்டு எப்படி நடந்தது?

நம்ம ஊரில் புறம்போக்கு நிலம் எப்படிக் கைமாறுகிறது என்று தெரிந்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். முதலில் யாரும் எட்டிப் பார்க்காத இடம் வேண்டும். அப்புறம் நாலு பேரை அங்கே கூட்டி வந்து காட்ட வேண்டும். வரி கட்டின மாதிரி ரசீது சேர்க்க வேண்டும். பத்து வருஷம் கழித்து "இது எங்க இடம், இதோ ரசீது" என்று நீட்ட வேண்டும்.

சியாச்சினில் நடந்ததும் கிட்டத்தட்ட அதுதான்.

1949-ம் ஆண்டு போர் நிறுத்தக் கோடு போட்டபோது என்.ஜே. 9842 என்ற ஒரு புள்ளி வரைக்கும்தான் கோட்டை இழுத்தார்கள். அதற்கு மேல் "அங்கிருந்து வடக்கே பனியாறுகள் வரை" என்று எழுதி விட்டு பேனாவை மூடி விட்டார்கள். 1972-ல் சிம்லா ஒப்பந்தத்துக்குப் பிறகு கோட்டைத் திரும்ப வரைந்தபோதும் அந்தப் புள்ளியைத் தாண்டவில்லை.

மனுஷன் வாழ முடியாத பனிக்காடு. அங்கே போய் யார் சண்டை போடப் போகிறார்கள் என்ற நினைப்பு!

இந்த இடைவெளியில்தான் பாகிஸ்தான் புகுந்தது. மலை ஏற வரும் வெளிநாட்டுக்காரர்களுக்கு அனுமதிச்சீட்டு கொடுக்க ஆரம்பித்தது. சியாச்சின் பக்கம் போக வேண்டுமா? இஸ்லாமாபாத்தில் விண்ணப்பம் போடு. கூட ஒரு அதிகாரி வருவார். அவ்வளவுதான்.

வந்தவர்கள் திரும்பிப் போய்ப் புத்தகத்தில் எழுதினார்கள். "பாகிஸ்தான் அனுமதியோடு ஏறினோம்." ஒவ்வொரு சீட்டும் ஒரு கிஸ்தி ரசீது!

இன்னொரு பக்கம் அமெரிக்க அரசாங்கத்தின் வரைபடங்களில் 1967-ம் ஆண்டு வாக்கிலிருந்தே அந்தக் கோடு கிழக்கே ஓட ஆரம்பித்திருந்தது. அதைப் பார்த்து மற்றவர்களும் அப்படியே அச்சடித்தார்கள். பட்டாவே வந்துவிட்ட மாதிரி.

பாகிஸ்தானின் வாதம் வேறு. "உலகமே எங்களிடம்தானே அனுமதி கேட்கிறது? அப்படியானால் இடம் எங்களுடையதுதானே?" என்கிறார்கள். ஆக்கிரமித்தவர் எந்த ஊரிலும் இப்படித்தான் பேசுவார்.

தகர டப்பாவே சாட்சி!

1978-ம் ஆண்டு குமார் தன் ஆட்களோடு சியாச்சினுக்குள் கால் வைத்தார்.

சியாச்சின் என்றால் அந்த வட்டாரத்து பால்டி மொழியில் காட்டு ரோஜா நிறைந்த இடம் என்று அர்த்தம். அடிவாரத்தில் அந்தச் செடி உண்டு. மேலே போனால் ரோஜாவும் இல்லை, புல் பூண்டும் இல்லை.

பனியாறு என்றதும் தண்ணீர் ஓடும் என்று நினைத்துவிடக் கூடாது. மலைப் பள்ளத்தாக்கு முழுக்க உறைந்து கிடக்கிற ஐஸ். சுமார் 76 கிலோ மீட்டர் நீளம். சென்னையிலிருந்து காஞ்சிபுரம் வரை ரோடு முழுக்க ஐஸாக இருந்தால் எப்படி? அப்படி! அது கண்ணுக்குத் தெரியாமல் மெல்ல நகர்ந்து கொண்டே இருக்கும். நகரும்போது வெடிக்கும். வெடிப்பின்மேல் புதுப்பனி விழுந்து மூடிக்கொள்ளும். மேலே பார்த்தால் வெள்ளைப் பாய் விரித்த மாதிரி இருக்கும். கால் வைத்தால் ஆள் உள்ளே போய் விடுவான்.

அதனால் அங்கே யாரும் தனியாக நடப்பதில்லை. இடுப்பில் கயிறு கட்டி வரிசையாகப் போவார்கள். ஒருவன் விழுந்தால் மற்றவர்கள் இழுத்துப் பிடிக்க வேண்டும்.

அந்த வரிசையில் விரல் இல்லாத காலோடு நடந்தவருக்கு வயது 44.

வழியெல்லாம் குமார் தேடியது தடயம். கிடைத்தது! காலி தகர டப்பா. சிகரெட் பெட்டி. வெளிநாட்டு மலையேறிகள் போட்டுவிட்டுப் போன குப்பை. டப்பாவில் ஒட்டியிருந்த லேபிள்களைப் பார்த்தால் சரக்கு பாகிஸ்தான் வழியாக வந்தது தெளிவாகத் தெரிந்தது.

கொலை நடந்த இடத்தில் பீடித்துண்டைப் பொறுக்கி எடுக்கிற இன்ஸ்பெக்டர் மாதிரி அதையெல்லாம் சேகரித்தார். மேலிடத்துக்குக் காட்ட வெறும் வாய்ப்பேச்சு போதாது அல்லவா?

அந்த ஆண்டு அங்குள்ள டெராம் காங்கிரி சிகரங்களில் ஒன்றில் ஏறினார்கள். ஆனால் பனியாற்றை முழுசாகப் பார்த்து முடிக்கவில்லை.

1981-ம் ஆண்டு மறுபடி போனார். இந்தத் தடவை ஒரு முனையிலிருந்து மறு முனை வரை. சால்டோரோ காங்கிரி, சியா காங்கிரி சிகரங்களில் ஏறினார்கள். வடக்குக் கோடியில் உள்ள இந்திரா கணவாய் வரைக்கும் போய் நின்றார்கள்.

இந்திரா கணவாய் என்றதும் இந்திரா காந்தியின் பெயர் என்று நினைப்பவர்கள் உண்டு. இல்லை. 1912-ம் ஆண்டிலேயே பேனி ஒர்க்மேன் என்ற அமெரிக்கப் பெண்மணி அங்கே போய் வைத்த பெயர். லட்சுமி தேவிக்கு இந்திரா என்றும் பெயர் உண்டே, அந்த இந்திரா. நூறு வருஷத்துக்கு முன்னால் நீளப் பாவாடை கட்டிக்கொண்டு அந்த அம்மாள் அங்கே போயிருக்கிறார் என்றால், அவரைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும்!

குமார் கொண்டு வந்த போட்டோக்கள், குறிப்புகள், வழித்தடங்கள் எல்லாம் ராணுவத்தின் கைக்குப் போயின. எந்த இடத்தில் முகாம் போடலாம், எந்த இடத்தில் பள்ளம், எந்தக் கணவாயைப் பிடித்தால் எதிரியின் வழி அடைபடும் என்பது அதற்கு முன்னால் இந்திய ராணுவத்தில் யாருக்கும் நேரில் தெரியாது.

ராணுவ உளவுப் பயணத்துக்கென்று கொடுக்கப்படும் மக்கிரிகோர் பதக்கம் அவருக்குக் கிடைத்தது. 1888-ம் ஆண்டு முதல் இருந்து வருகிற பழைய பதக்கம் அது. பரம் விசிஷ்ட சேவா பதக்கமும் கொடுத்தார்கள். பொதுவாக ஜெனரல்களுக்குப் போகிற விருது. கர்னல் ஒருவருக்குக் கிடைப்பது அபூர்வம்.

லண்டன் கடையில் கசிந்த ரகசியம்

அப்புறம் நடந்தது சினிமாவில் வருவது போல இருக்கும்.

பனிமலையில் போட்டுக்கொள்ளும் விசேஷ உடைக்கு இந்திய ராணுவம் லண்டனில் ஒரு கடையில் ஆர்டர் கொடுத்திருந்தது. அதே கடைக்குப் பாகிஸ்தானிடமிருந்தும் பெரிய ஆர்டர் வந்தது! செய்தி இந்தியாவின் காதுக்கு எட்டியது.

இத்தனை பனி உடை பாகிஸ்தானுக்கு எதற்கு? வேறு எங்கே போகப் போகிறார்கள், சியாச்சினுக்குத்தான்!

முந்திக்கொள்ள முடிவு செய்தது டெல்லி. வடக்குப் பிராந்திய ராணுவத்துக்கு அப்போது தளபதியாக இருந்தவர் யார் தெரியுமா? குமார் முதன்முதலில் வரைபடத்தை விரித்துக் காட்டினாரே, அதே சிப்பர்தான்.

1984-ம் ஆண்டு ஏப்ரல் 13-ந் தேதி. நம்ம பக்கம் சித்திரை வெயில் கொளுத்துகிற சமயம். அங்கே பனிப்புயல். ஹெலிகாப்டர்கள் தடவை தடவையாகப் பறந்து போய், பிலாபோண்ட் கணவாயில் சிப்பாய்களை இறக்கின. முதலில் இறங்கிய படைக்கு கேப்டன் சஞ்சய் குல்கர்னி தலைவர். குமாரின் அதே குமாவோன் ரெஜிமெண்ட்!

இந்த நடவடிக்கைக்கு வைத்த பெயர் "மேகதூதம்".

அடுத்தடுத்து கணவாய்கள் கைக்கு வந்தன. பாகிஸ்தான் படை வந்து பார்த்தபோது மேலே உச்சியில் இந்தியக் கொடி. அன்று முதல் இன்று வரை சால்டோரோ மலைத்தொடரின் உச்சிப் பகுதி இந்தியாவிடம். மேற்குப் பக்கத்துச் சரிவுகள் பாகிஸ்தானிடம்.

மெட்ராஸ் ரெஜிமெண்ட் கொடுத்த விலை

பிடித்தாகி விட்டது. காவல் காக்க வேண்டுமே?

20,000 அடி உயரம். தொட்டபெட்டாவைப் போல இரண்டு மடங்குக்கும் மேலே. குளிர் பூஜ்யத்துக்குக் கீழே 50 டிகிரி வரை இறங்கும். துப்பாக்கியை வெறுங்கையால் தொட்டால் தோல் ஒட்டிக்கொள்ளும். கொண்டு போன முட்டையும் ஆரஞ்சுப் பழமும் கல்லாகி விடும். தூக்கம் வராது, பசி எடுக்காது. நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டால் உடனே கீழே இறக்க வேண்டும். புயல் அடித்தால் ஹெலிகாப்டர் வராது. அப்புறம் அவன் விதி.

1984-ம் ஆண்டு முதல் அங்கே உயிர் விட்ட இந்திய வீரர்கள் 800-க்கும் மேல். அதில் குண்டு பட்டுச் செத்தவர்களைவிடக் குளிரிலும் பனிச்சரிவிலும் செத்தவர்கள்தான் அதிகம்.

2003-ம் ஆண்டு நவம்பரில் துப்பாக்கிச் சண்டை நிறுத்தப்பட்டது. பனிக்கு யார் உத்தரவு போடுவது?

2016-ம் ஆண்டு பிப்ரவரி 3-ந் தேதி. 19,600 அடி உயரத்தில் சோனம் என்ற காவல் முகாம். அங்கே இருந்தது மெட்ராஸ் ரெஜிமெண்டின் 19-வது பட்டாளம். நம்ம நீலகிரியில் வெலிங்டன்தான் அந்த ரெஜிமெண்டுக்குத் தாய்வீடு. "வீர மதராசி, அடி கொல்லு" என்பது அவர்களுடைய போர் முழக்கம்.

பிரம்மாண்டமான பனிச்சுவர் ஒன்று இடிந்து முகாமின்மேல் விழுந்தது. 10 பேர் உள்ளே புதைந்தார்கள். 4 பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். 3 பேர் கர்நாடகத்துக்காரர்கள். கேரளம், ஆந்திரம், மராட்டியத்திலிருந்து ஒவ்வொருவர்.

எல்லாரும் போய்விட்டார்கள் என்றுதான் நினைத்தார்கள். 6 நாட்கள் ஐஸை வெட்டி வெட்டித் தோண்டினார்கள். மோப்ப நாய்களும் கூட இருந்தன.

ஆறாம் நாள் ஒருவருக்கு உயிர் இருந்தது! லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா. தேசமே சாமி கும்பிட்டது. ஹெலிகாப்டரில், விமானத்தில் டெல்லி ராணுவ ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். பிப்ரவரி 11-ந் தேதி அவரும் இறந்தார். குமார் கடைசியாக மூச்சு விட்டதும் அதே ஆஸ்பத்திரியில்தான்.

எதிர்ப்பக்கத்திலும் இதே கதைதான். 2012-ம் ஆண்டு ஏப்ரல் 7-ந் தேதி கயாரி என்ற இடத்தில் பாகிஸ்தான் முகாமை பனிச்சரிவு மூடியது. 140 பேர் பலி. அத்தனை பேர் வீட்டிலும் அம்மா இருந்திருப்பாள்.

"குமார் கண்டுபிடிக்காமல் இருந்திருந்தால் இத்தனை உயிர் போயிருக்காதே?" என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். பிள்ளையை அங்கே பறிகொடுத்த வீட்டில் அப்படிக் கேட்டால் தப்பு சொல்ல முடியாது. ஆனால் திருட்டைக் கண்டுபிடித்துப் புகார் கொடுத்தவன் மேலேயே வழக்குப் போடலாமா? இருவரும் கீழே இறங்கலாம் என்று 1989-ம் ஆண்டு இரு நாட்டு அதிகாரிகளும் பேசத்தான் செய்தார்கள். காரியம் முடியவில்லை. யார் படை இப்போது எங்கே நிற்கிறது என்பதை முதலில் வரைபடத்தில் குறித்துக் கையெழுத்துப் போடு என்றது இந்தியா. பாகிஸ்தான் தயாராக இல்லை. மறுபடியும் வரைபடம்!

கங்கையில் படகு

ராணுவத்தை விட்டு வந்த பிறகும் குமார் சும்மா இருக்கவில்லை. பென்ஷன் வாங்கிக்கொண்டு பேப்பர் படிக்கிற ரகமா அவர்?

ஒரு கம்பெனி ஆரம்பித்தார். மலை நடை, பனிச்சறுக்கு, ஆற்றில் ரப்பர் படகு விடுவது, இதற்கெல்லாம் ஆட்களைக் கூட்டிப் போகிற கம்பெனி. இன்றைக்கு ரிஷிகேஷில் காலேஜ் பிள்ளைகள் பனியனோடு படகில் கத்திக்கொண்டு போகிறார்களே, அந்தத் தொழிலுக்கு இந்தியாவில் முதலில் வழி போட்டவர்களில் அவரும் ஒருவர். சியாச்சின் துப்பைக் கொண்டு வந்ததும் ஒரு படகுக்காரர்தான் என்பது வேடிக்கை.

பனிச்சறுக்கில் வீட்டுப் பிள்ளையையும் விடவில்லை. மகள் ஷைலஜா குமார் 1988-ம் ஆண்டு கனடாவில் கால்கரி நகரில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கில் பனிச்சறுக்கில் கலந்துகொண்டார். குளிர்கால ஒலிம்பிக்குக்குப் போன முதல் இந்தியப் பெண் அவர்தான்.

சியாச்சின் பனியாற்றின் நடுவில், சுமார் 16,000 அடி உயரத்தில், ராணுவத்துக்கு ஒரு பெரிய முகாம் இருக்கிறது. மேலே உள்ள காவல் முகாம்களுக்குச் சாமானும் ஆளும் போய் வருகிற இடம். அதற்கு "குமார் முகாம்" என்று பெயர் வைத்தார்கள். செத்த பிறகு சிலை வைக்கிறது நம் நாட்டில் சகஜம். உயிரோடு இருக்கிறவர் பெயரை ராணுவ முகாமுக்கு வைப்பது லேசில் நடக்காது.

2019-ம் ஆண்டு அக்டோபரில் பாதுகாப்பு மந்திரி ராஜ்நாத் சிங் லடாக்கில் ஒரு அறிவிப்பு செய்தார். சியாச்சின் அடிவார முகாமிலிருந்து குமார் முகாம் வரை சுற்றுலாப் பயணிகளுக்கு வழி திறந்து விடப்படும் என்றார். கர்னல் அப்போது உயிரோடுதான் இருந்தார், வயது 85.

அதற்கு முன்பே 2007-ம் ஆண்டிலிருந்து பொது ஜனங்களில் சில பேரைத் தேர்ந்தெடுத்து அந்த வழியில் ராணுவம் அழைத்துப் போயிருக்கிறது. கயிறு கட்டிக்கொண்டுதான் நடக்க வேண்டும். முதலில் லே நகரில் சில நாள் தங்கி உடம்பைப் பழக்க வேண்டும். டாக்டர் சர்டிபிகேட் இல்லாமல் ஒரு ஆளையும் மேலே விட மாட்டார்கள்.